வளரும் கம்பெனியும் வீட்டுச் சேமிப்பும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு மும்பை, புனே, தில்லி, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், மாதச் செலவு போக மிஞ்சும் பணம் முன்னாளில் நான்கு இடங்களுக்குத்தான் போகும்: பாங்கு, நகைக் கடை, சீட்டு, ஊரில் ஒரு மனை. அண்மைக் காலத்தில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. வேகமாக வளர்ந்துவரும் தொழில்நுட்பக் கம்பெனிகள் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்க முன்வருகின்றன. ஒரு லாட்டுக்குப் பதின்மூவாயிரம், பதினையாயிரம் ரூபாய் இருந்தால் போதும். கைபேசியிலேயே விண்ணப்பம் செய்துவிடலாம். "இந்தக் கம்பெனியில் ஒரு லாட் போட்டு வைக்கலாமா?" என்பது இன்று கணவனும் மனைவியும் இரவு உணவுக்குப் பின் பேசிக்கொள்ளும் விஷயங்களுள் ஒன்றாகிவிட்டது.

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் பலர் உளர். அவர்களுள் ஒருவராக நாம் ஆக விரும்பவில்லை. ஆனால் கேள்வியைக் கேட்கும் முறையிலேயே ஒரு குறை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. "கம்பெனி வளருமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "என்ன விலைக்கு, யாரிடமிருந்து, வீட்டின் எந்தப் பணத்தைக் கொண்டு வாங்குகிறோம்?" என்று கேட்பவர் சிலரே. கம்பெனி நன்றாக வளர்ந்தும், அதன் பங்கை வாங்கியவர் கைப்பணத்தை இழந்தது நம் நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது.

பங்குப் பேச்சு எழுந்தவுடன் யாராவது ஒருவர் இன்போசிஸ் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். சொல்லத்தக்க கதைதான். 1981-ல் ஏழு பொறியாளர்கள் புனேயில் பதினாயிரம் ரூபாய் முதலில் தொடங்கிய அக்கம்பெனி, 1993 பிப்ரவரியில் பங்கு ஒன்று 95 ரூபாய் வீதம் பொதுமக்களுக்கு விற்க முன்வந்தது. போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. மார்கன் ஸ்டான்லி என்னும் அமெரிக்க நிறுவனம் 13 சதவிகிதப் பங்கை எடுத்துக்கொண்டதால்தான் வெளியீடு தப்பிப் பிழைத்தது. அன்று 9,500 ரூபாய் கொடுத்து 100 பங்கு வாங்கி, ஒன்றையும் விற்காமல் இருந்தவரிடம், 2018 வரை அளிக்கப்பட்ட போனஸ் பங்குகளும், 2000-ல் ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டதும் சேர்ந்து, 1,02,400 பங்குகள் இருக்கும். பங்கு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டாலும் பத்துக் கோடிக்கு மேல் ஆகிறது.

இதைக் கேட்டவர் மறுநாள் காலையிலேயே விண்ணப்பம் போட முனைவது இயற்கை. ஆனால் அதே காலத்தில் நடந்த மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பங்கு வெளியிடுமுன் மத்திய அரசின் அனுமதி பெறவேண்டும் என்ற பழைய ஏற்பாடு 1992-ல் நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் பொதுமக்களிடம் பணம் திரட்டின. அவற்றுள் பல, பணத்தைப் பெற்றுக்கொண்டபின் பதிவு செய்த விலாசத்தில்கூட இல்லாமற் போயின. "காணாமற்போன கம்பெனிகள்" என்று அரசாங்கமே ஒரு பட்டியல் தயாரிக்க நேர்ந்தது. இன்போசிஸ் பங்கு வைத்திருந்த மாமா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதைப்பற்றிப் பேசுகிறார். அப்பட்டியலில் உள்ள கம்பெனியின் பங்குப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் சித்தப்பா வாய் திறப்பதில்லை. ஆகவே நம் காதில் விழும் கதைகள் எல்லாம் ஒரு பக்கத்துக் கதைகளாகவே இருக்கின்றன.

இன்போசிஸ் கதையிலேயே மறுபக்கம் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளின்மேல் நாடெங்கும் ஒரு மோகம் பரவியிருந்தது. அந்த மார்ச் மாதத்தில் உச்ச விலைக்கு இன்போசிஸ் பங்கு வாங்கியவர், அடுத்த ஆண்டில் தம் முதலின் பெரும்பகுதி கரைந்துபோனதைக் கண்டார். போட்ட பணம் திரும்பி வரப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கம்பெனிக்கு ஏதாவது கேடு வந்ததா என்றால், இல்லை. 1999-2000 நிதியாண்டைக் காட்டிலும் 2000-01 நிதியாண்டில் அதன் வருமானம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. கணக்கும் ஒழுங்காகவே இருந்தது. பத்தாண்டு வளர்ச்சியின் பலனை முன்கூட்டியே விலையில் கொடுத்துவிட்டதுதான் வாங்கியவருக்கு நேர்ந்த இடர்.

அதே மோகத்தில் சென்னைக் கம்பெனிகளும் சிக்கின. சித்திரப்படங்களைக் கம்ப்யூட்டரில் தயாரித்த பென்டாமீடியா கிராபிக்ஸ் பங்கு அப்போது ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றது; பின்னர் சில ரூபாய்க்கு இறங்கிவிட்டது. கேத்தன் பரேக் என்னும் மும்பைத் தரகர் விலையை ஏற்றிவந்த பங்குகளுள் அதுவும் ஒன்று. 2001 மார்ச் மாத இறுதியில் அவர் கைது செய்யப்பட்டார். நம் ஊர்க் கம்பெனி என்ற பற்று பாராட்டத்தக்கதே. ஆயினும் பங்கு வாங்குவதற்கு அது ஒரு காரணமாகாது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டில், நான்கு மாத இடைவெளியில், நாம் அனைவரும் அன்றாடம் பெயர் சொல்லும் இரண்டு கம்பெனிகள் பங்கு வெளியிட்டன. ஒன்று, உணவைக் கொண்டுவந்து கொடுக்கும் ஸொமாட்டோ. மற்றொன்று, பணம் செலுத்த உதவும் பேடிஎம். இரண்டும் வேகமாக வளர்ந்தவை. இரண்டும் அப்போது நஷ்டத்தில் இருந்தவை. 2020-21-ல் ஸொமாட்டோவின் நஷ்டம் சுமார் 816 கோடி ரூபாய். பேடிஎம்மின் நஷ்டம் சுமார் 1,701 கோடி.

ஸொமாட்டோ ஜூலை மாதத்தில் பங்கு ஒன்று 76 ரூபாய் வீதம் விற்றது. 195 பங்கு கொண்ட ஒரு லாட்டின் விலை 14,820 ரூபாய். சந்தைக்கு வந்த முதல் நாளே 115 ரூபாய்க்கு மேல் போயிற்று. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2022 ஜூலை இறுதியில், அதே பங்கு 41 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, 2024-ல் 200 ரூபாயைத் தாண்டியது. அவ்வாண்டு டிசம்பரில் சென்செக்ஸ் பட்டியலிலும் இடம்பெற்றது. இன்று அக்கம்பெனியின் பெயர் எடர்னல்.

பேடிஎம் நவம்பரில் பங்கு ஒன்று 2,150 ரூபாய் வீதம் விற்றது. ஆறு பங்கு கொண்ட லாட் 12,900 ரூபாய். மொத்த வெளியீடு 18,300 கோடி. அதுவரை நம் நாட்டில் அவ்வளவு பெரிய வெளியீடு நடந்ததில்லை. சந்தைக்கு வந்த முதல் நாள் மாலையே, 27 சதவிகிதம் குறைந்து 1,560 ரூபாய் அளவில் நின்றது. லாட் ஒன்றுக்கு ஒரே நாளில் 3,500 ரூபாய்க்கு மேல் நஷ்டம். 2024 ஜனவரி 31-ஆம் தேதி ரிசர்வ் பாங்கு, பேடிஎம் பேமெண்ட்ஸ் பாங்கு புதிதாக டெபாசிட் பெறுவதைத் தடுத்து ஆணையிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் பங்கு 310 ரூபாய்க்கு வந்தது. 12,900 ரூபாய் 1,900 ரூபாயைக்கூட எட்டாத நிலை. 2025-ல் கம்பெனி லாபம் காட்டத் தொடங்கி, பங்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டி ஏறியபோதிலும், அவ்வாண்டு முடியும் வரையில் வெளியீட்டு விலையை அது எட்டவில்லை.

பேடிஎம் பங்கை வாங்கியவர்கள் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். காய்கறி வண்டிக்காரர் முதல் பெரிய கடை வரையில் அந்த நீலநிற அட்டை தொங்குகிறது. ஆகவே கம்பெனி கொழிக்கும் என்பது அவர்கள் எண்ணம். அட்டை தொங்கியது உண்மை. ஆனால் யுபிஐ மூலம் செலுத்தும் தொகைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கலாகாது என்று அரசாங்கம் 2020 ஜனவரி முதல் விதித்திருந்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் சேவையில் கட்டணமே இல்லையென்றால் வருமானம் வேறெங்கிருந்தோதான் வரவேண்டும். பணம் வந்ததைக் குரல் கொடுத்து அறிவிக்கும் சிறு பெட்டியின் மாத வாடகை, பிறர் கொடுக்கும் கடன்களை ஏற்பாடு செய்வதில் கிடைக்கும் கமிஷன் முதலியவையே அதற்கு வழி. அவை நல்ல வழிகளாக இருக்கலாம். ஆனால் கடையில் தொங்கும் அட்டையை எண்ணி அவற்றை மதிப்பிட முடியாது. ஒரு கம்பெனியின் சேவையை நாம் தினமும் பயன்படுத்துவதனால் அது எப்படிச் சம்பாதிக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

அடுத்து, பணம் யாருக்குப் போகிறது என்னும் கேள்வி. பங்கு வெளியீட்டில் இருவகை உண்டு. கம்பெனி புதுப் பங்குகளை உண்டாக்கி விற்றால் பணம் கம்பெனிக்குள் வந்து தொழிலை வளர்க்கும். பழைய பங்குதாரர் தம் கையிலுள்ளதை விற்றால் பணம் அவர் பைக்குப் போகும். கம்பெனிக்கு ஒரு காசும் வராது. ஸொமாட்டோவின் 9,375 கோடியில் 9,000 கோடி புதுப் பங்குகள். 375 கோடி மட்டுமே பழையவர் விற்றது. பேடிஎம்மின் 18,300 கோடியில் புதுப் பங்குகள் 8,300 கோடி; மீதி 10,000 கோடி பழையவர் விற்றது. பழையவர் விற்பது குற்றமன்று. பத்தாண்டு பொறுத்தவர் பலனை எடுத்துக்கொள்வது நியாயமே. ஆயினும் கம்பெனியை உள்ளிருந்து அறிந்தவர் இந்த விலைக்கு விற்கும்போது, வெளியிலிருக்கும் நாம் அதே விலைக்கு ஏன் வாங்குகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பிராஸ்பெக்டஸின் முகப்பிலேயே, விற்கின்ற பங்குதாரர் அப்பங்கைச் சராசரியாக என்ன விலைக்கு வாங்கியிருந்தார் என்பது அச்சிடப்பட்டிருக்கும். நாம் கொடுக்கப்போகும் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வெளியீட்டின்போது விற்காத பழையவர்களும் என்றென்றும் வைத்திருப்பவர் அல்லர். குறிப்பிட்ட காலம் வரையில் விற்கக் கூடாது என்று விதி அவர்களைக் கட்டிவைக்கிறது. ஸொமாட்டோவில் அக்காலம் 2022 ஜூலை 23-ல் முடிந்தது. அடுத்த வேலை நாளிலேயே பங்கு 11 சதவிகிதத்துக்கு மேல் வீழ்ந்தது. பேடிஎம்மில் அவ்வாறே தடை நீங்கிய சில நாட்களில், 2022 நவம்பரில், சாப்ட்பாங்க் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றது. விலை மேலும் இறங்கியது. இந்தத் தேதிகள் இரகசியமானவை அல்ல, முன்னதாகவே தெரிந்தவை. சந்தைக்கு வந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும் என்று துடிப்பவர், இத்தேதி கழியும் வரையில் பொறுத்துப் பார்க்கலாம். அதற்குள் சில காலாண்டுக் கணக்குகளும் வெளிவந்துவிடும்.

செபியின் விதியில் இன்னொரு செய்தியும் பொதிந்திருக்கிறது. தொடர்ந்து லாபம் காட்டிய கம்பெனி பங்கு வெளியிடும்போது, சிறு முதலீட்டாளருக்குக் குறைந்தது 35 சதவிகிதம் ஒதுக்குவது பொது வழக்கம். அந்த லாப நிபந்தனையை நிறைவேற்றாத கம்பெனியாயின், பெரிய நிறுவனங்கள் குறைந்தது 75 சதவிகிதம் வாங்கியாக வேண்டும். சிறியவர்களுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் இல்லை. ஸொமாட்டோ, பேடிஎம் இரண்டும் இவ்வாறு வந்தவையே. இந்தப் பத்து சதவிகிதத்தைச் சிலர், "நமக்குக் கிடைக்காத அரிய பண்டம்" என்று பொருள் செய்துகொண்டு முண்டியடிக்கிறார்கள். சிறியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டிருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

இவ்வளவும் கம்பெனியைப் பற்றியது. வீட்டைப் பற்றியதுதான் இன்னும் முக்கியம்.

ஸொமாட்டோவின் லாட் ஒன்றை இருவர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வைத்த பணம், மகளை 2022 ஜூலையில் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சேர்த்தது. மற்றவர் வைத்தது, எந்தச் செலவுக்கும் குறிக்கப்படாத பணம். கட்டணம் கட்டவேண்டிய வாரத்தில் முதல்வர் விற்றே தீரவேண்டும். 14,820 ரூபாய்க்குச் சுமார் 8,000 ரூபாய் கைக்கு வரும். இரண்டாமவர் விற்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அவரிடம் 39,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. கம்பெனி ஒன்று, வாங்கிய நாள் ஒன்று, விலையும் ஒன்று. ஒருவர் பணத்துக்குத் தேதி இருந்தது. மற்றவர் பணத்துக்குத் தேதி இல்லை. அவ்வளவே வேறுபாடு. பேடிஎம்மில் இரண்டாமவரும் நஷ்டப்பட்டிருப்பார். ஆனால் அவர் வீட்டில் எந்தக் காரியமும் நின்றிருக்காது.

நம்மைப் போல் வெளியூரில் வாழும் குடும்பங்களில் தேதி உள்ள பணம் மற்றவர்களைவிட அதிகம். ஊரில் இருக்கும் தாய் தந்தையருக்கு உடம்புக்கு வந்தால் அன்றிரவே புறப்பட வேண்டும். விமானக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் புது வீட்டுக்கு முன்பணம் வேண்டும். அவசரத்துக்குக் கைம்மாற்றுக் கொடுக்க அத்தையோ மைத்துனரோ பக்கத்துத் தெருவில் இல்லை. தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஓய்வூதியம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் கிடையாது. ஆறு மாதச் செலவுக்கான தொகையும், வரப்போகும் இரண்டு மூன்று ஆண்டுகளின் பெரிய செலவுகளுக்கான தொகையும் பாங்கில் இருக்கட்டும். அதன்பின் மிஞ்சுவதில் ஒரு சிறு பகுதி, முழுவதும் போனாலும் வீட்டில் யாருடைய முகமும் வாடாது என்ற அளவு, இத்தகைய பங்குகளுக்குப் போகலாம். நகையை அடகு வைத்தோ, சீட்டைத் தள்ளி எடுத்தோ, தனிக்கடன் வாங்கியோ இதில் இறங்குவதை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம்.

கம்ப்யூட்டர்த் துறையிலேயே சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இன்னும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி, சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதிவந்ததாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அன்று காலை 180 ரூபாய் அளவில் இருந்த பங்கு மாலையில் 40 ரூபாய். அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். சேமிப்பையும் கம்பெனிப் பங்கிலேயே வைத்திருந்தவருக்கு, சம்பளம் வருமா என்ற கவலையும் சேமிப்பு போயிற்றே என்ற துயரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கம்பெனி நேர்மையானதாகவே இருந்தாலும், துறை முழுவதும் சோர்வடையும்போது ஆட்குறைப்பும் பங்கு வீழ்ச்சியும் சேர்ந்தேதான் வரும்.

பட்டியலிடப்படாத கம்பெனிகளின் பங்கை, "சந்தைக்கு வருமுன்பே வாங்கிவிடுங்கள்" என்று விற்பவர்களும் இப்போது பெருகியுள்ளனர். மருந்து விற்கும் பார்ம்ஈஸியின் தாய்க் கம்பெனி 2021-ல் பங்கு வெளியிட விண்ணப்பித்தது. 2022-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023-ல் பழைய பங்குதாரருக்கே 5 ரூபாய் வீதம் பங்கு கொடுத்துப் பணம் திரட்டியது. அதற்கு முன் பன்மடங்கு விலை கொடுத்துத் தரகரிடம் வாங்கிய சிறியவர்களுக்கு விற்கச் சந்தையும் இல்லை. அனுமதி பெறாத மேடைகளில் இவ்வாறு வாங்க வேண்டாம் என்று 2024 டிசம்பரில் செபி எச்சரித்தது. வாட்ஸப் குழுவில் சேர்த்து, போலிச் செயலியைக் கொடுத்து, "உங்களுக்கு நிச்சயமாகப் பங்கு கிடைக்கும்" என்று பணம் கேட்பவர்களோ வெறும் திருடர்கள். முறையான வெளியீட்டில் பணம் உங்கள் பாங்குக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு ஒதுக்கப்பட்டால்தான் வெளியே போகும். யாருடைய கணக்குக்கும் முன்கூட்டி அனுப்பத் தேவையில்லை.

கடைசியாக, ஊர் மாறி ஊர் மாறி வாழும் நமக்கென்றே உள்ள ஒரு விஷயம். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்டு பெறப்படாத பங்குகள், கம்பெனிச் சட்டத்தின்படி, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். மாதுங்காவிலிருந்து டோம்பிவிலிக்கும், அங்கிருந்து புனேக்கும் வீடு மாற்றியவர்களின் டிவிடெண்டுக் காகிதங்கள் பழைய விலாசத்துக்கே போய்த் திரும்பியிருக்கக்கூடும். 1990-களில் தந்தையோ பெரியப்பாவோ வாங்கிய காகிதப் பத்திரம் வீட்டில் இருந்தால், அதை டீமாட் கணக்குக்கு மாற்றாமல் விற்க முடியாது. 2019 ஏப்ரல் முதல் அவ்வாறு விதி. நிதிக்குப் போய்விட்ட பங்கையும் உரியவரோ வாரிசோ விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அந்த நிதி ஆணையத்தின் இணையதளத்தில் பங்குதாரர் பெயரைக் கொண்டு தேடும் வசதி இருக்கிறது. புதுப் பங்குக்கு விண்ணப்பம் போட உட்காரும் நாளில் இதையும் ஒருமுறை தேடிவிட்டு, டீமாட் கணக்கில் மனைவியின் பெயரோ மக்களின் பெயரோ நியமனதாரராகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.